இட்லிப்பூ வேலி: மூன்று கலர் டப்பா

போன வார அத்தியாயத்தில் காணாமல் போன பஷீர் அஹமதுவின் பாஸ்போர்ட், வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது.

தானாக எங்கே வரும்? அவர் மனைவி ரம்ஜான் பீவிதான் வைத்தாள். மூன்று நாளாக அது குடியிருந்தது பரண் மேல் இருக்கும் பிரியாணி தேக்சாவில். அந்தத் தேக்சாவுக்குள் ஒரு சிறு குடும்பம் வாடகைக்கு இருந்துவிட்டுப் போகலாம். பாஸ்போர்ட் எந்த மூலைக்கு!

"இந்தாங்க. ஒளிச்சு வச்சது என் தப்புதான். எடுத்துக்கோங்க."

பஷீர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன, மனசு மாறிடுச்சா?"

"மாறல. பாஸ்போர்ட் கிடைக்காததால நீங்க இங்க இருந்தீங்கன்னா அது ஜெயில் மாதிரி. எனக்கு அது வேணாம். செடி பொழைச்சுது, அதனால இருக்கேன்னு நீங்களே சொல்லணும். அதுக்கு இன்னிக்கு நான் ஒரு வழி பண்றேன்."

"நீயா?"

"நான்தான். ஏன், என்னைப் பாத்தா செடி ஓடிப் போயிடுமா?"

இந்த வாரம்தான் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். மற்றவர்கள் டீ குடிக்கலாம்.

பஷீர் அஹமது ஷார்ஜாவில் இருபத்துநாலு வருஷம் பூங்கா ஃபோர்மேன். அவருக்குக் கீழே நாற்பது ஆட்கள். மணலில் புல் முளைக்க வைத்தவர். அவர் நடந்து போனால் அங்கே ஈச்ச மரமெல்லாம் கொஞ்சம் குனிந்து சலாம் வைக்கும் என்று கேள்வி. இந்த இருபத்துநாலு வருஷத்தில் பதினோரு தடவை லீவில் வந்தார், தடவைக்கு இரண்டு மாதம். ஆக ரம்ஜான் பீவி புருஷனோடு வாழ்ந்தது மொத்தம் இருபத்திரண்டு மாதம். மீதி வருஷங்களில் அவளோடு குடித்தனம் நடத்தியது ஏர்மெயில் உறை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில், உப்பளத்தின் உப்பு ஏறி வராத தூரத்தில் ஒரு நர்சரி போட்டார். கடற்கரை ரோட்டில் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் ஓட்டலுக்குச் சுற்றுவேலி கட்ட ஆயிரத்து ஐந்நூறு இட்லிப்பூச் செடிக்கு ஆர்டர் வந்தது. சேதாரத்துக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு வளர்த்தார். பொங்கலுக்குள் வேலி நட்டு முடிக்க வேண்டும்.

அப்புறம்தான் இந்த 2005-ஆம் வருஷத்து மழை வந்தது. மழை என்றால் மழையா! வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு, மூட மறந்து, ஊருக்குப் போய்விட்டார்கள். தீபாவளியிலிருந்து தவளைகளுக்கே சளி பிடித்திருந்தது.

மழையோடு கருகல் வந்தது. முதல் நாள் இலையில் கடுகு அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. மூன்றாம் நாள் அதைச் சுற்றி மஞ்சள் வளையம். ஒரு வாரத்தில் புள்ளிகளெல்லாம் கை கோத்துக்கொள்ள, பாதி இலை அடுப்பில் வாட்டியது போல ஆகிவிடும். பஷீர் மூன்று தடவை மருந்து மாற்றி அடித்தும் நிற்கவில்லை.

இன்றைக்கு நாலு மணிக்கு ஓட்டலின் தோட்ட மேற்பார்வையாளர் புருஷோத்தமன் செடிகளைப் பார்க்க வருகிறார். சனிக்கிழமைக்குள் ஷார்ஜாவின் பழைய முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே ஃபோர்மேன் வேலை, அதே நாற்பது ஆள், வருகிறாயா, இல்லையா? ஆர்டர் போனால் பஷீரும் போவார். இதுதான் நிலவரம்.

டீ ஆறியிருக்கும். வாருங்கள், தோட்டத்துக்குப் போவோம்.

மழை விட்டிருந்தது. ரம்ஜான் பீவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே நடந்தாள். தொட்டிகள் திருவிழாக் கூட்டம் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இலைக்கு இலை ஒட்டிக்கொண்டு, நடுவே ஒரு எறும்பு போவதென்றாலும் டிக்கெட் வாங்க வேண்டும்.

பாத்திக்குப் பாத்தி, பித்தளைத் தலையோடு ஸ்ப்ரிங்க்ளர் நின்றது. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் தைலமும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். பஷீர் கொண்டுவந்தது பன்னிரண்டு ஸ்ப்ரிங்க்ளர். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாராம்.

அங்கே வெயில் இறங்கி அஸர் தொழுகை முடிந்ததும் தண்ணீர் திறப்பார்கள். இலை மேல் விழுந்த தண்ணீர் அரைமணியில் காய்ந்துவிடும். அந்தப் பழக்கம் பஷீரின் கையில் கடிகாரம் போல ஓடிக்கொண்டிருந்தது. இந்த மழையிலும், ஒரு நாள் மழை விட்டால் போதும், சாயந்திரம் ஸ்ப்ரிங்க்ளர் சுற்றும்.

ரம்ஜான் பீவி குனிந்து முதல் பித்தளைத் தலையைத் திருகிக் கழற்றினாள்.

"ஏய், ஏய்! என்ன பண்றே?" பஷீர் டம்ளரோடு ஓடி வந்தார்.

"கழட்டுறேன். நாள் பூரா மழையில நனையுது. மழை விட்டா நீங்க நனைக்கிறீங்க. இந்தச் செடி எப்பதான் தலை துவட்டும்?"

"அங்க இப்படித்தான் விடுவோம்."

"அங்க மழை எத்தன நாளு பெய்யும்?"

பஷீர் யோசித்தார். "வருஷத்துல நாலு நாள். அஞ்சு நாள்."

"இங்க நேத்து ஒரு நாள்ல அஞ்சு வருஷத்து மழை பெஞ்சுது."

பன்னிரண்டு தலைகளும் கூடைக்குள் விழுந்தன. பஷீர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஷெட்டிலிருந்து மகள் முபீனாவின் குரல் வந்தது.

"அத்தா! இங்க கொஞ்சம் வாங்களேன்."

முபீனா திண்டிவனத்தில் கெமிஸ்ட்ரி படித்து முடித்தவள். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, மூன்று காலி மருந்து டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தாள். பச்சை, நீலம், சிவப்பு. கையில் அப்பாவின் பூதக்கண்ணாடி.

"இதுல எது எப்ப அடிச்சீங்க?"

"மொதல்ல பச்சை. அது கேக்கல, அப்புறம் நீலம். அதுவும் கேக்கல, சிவப்பு. ஒரே மருந்த அடிச்சா பூஞ்சாணம் பழகிப்போயிடும், மாத்தி மாத்தித்தான் அடிக்கணும். எனக்குத் தெரியாதா? இருபத்துநாலு வருஷம்..."

"எங்க வாங்குனீங்க?"

இங்கே பஷீரின் நெஞ்சு நிமிர்ந்தது. "பச்சை திண்டிவனத்துல. நீலம் வானூர்ல. சிவப்பு பாண்டிச்சேரியில. ஒரே ஊர்ல வாங்கினா ஒரே சரக்கைத் தலையில கட்டிடுவான்னு மூணு ஊரு போனேன். அந்த மழையில மூணு பஸ் ஏறி!"

முபீனா பூதக்கண்ணாடியை நீட்டினாள். "பேருக்குக் கீழ சின்னதா ஒரு வரி இருக்குது பாருங்க. மூணுலயும் படிங்க."

பஷீர் பச்சையைப் படித்தார். நீலத்தைப் படித்தார். சிவப்பைக் கண்ணாடி இல்லாமலே படித்தார்.

கார்பென்டாசிம் ஐம்பது சதம். கார்பென்டாசிம் ஐம்பது சதம். கார்பென்டாசிம் ஐம்பது சதம்.

"பேரு வேற, கம்பெனி வேற, கலர் வேற," என்றாள் முபீனா. "உள்ள ஒரே மருந்துதான் அத்தா. நீங்க மாத்துனது டப்பாவைத்தான்."

மூன்று ஊர், மூன்று பஸ், மூன்று தடவை முதுகில் மருந்து டேங்க். கருகலுக்கு அது விருந்து. ஒரே விருந்தாளிக்கு மூன்று தட்டில் ஒரே பிரியாணி.

பஷீர் சிவப்பு டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "இந்த ஊர் மண்ணு எனக்குச் சரிப்படல," என்றார். "அங்க நான் கை வச்ச செடி ஒண்ணு செத்ததில்ல."

"அதுக்கு இப்ப என்ன?" ரம்ஜான் பீவி கூடையோடு வாசலில் நின்றாள். "தப்பு எதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெரியாம இருந்தாத்தான் பயம். முபீனா, இப்ப என்ன மருந்து?"

"வேற ஜாதி மருந்தும்மா. மாங்கோசெப் கிடைச்சா போதும்."

"எங்க கிடைக்கும்?"

"நம்ம மரக்காணம் பஜார்லயே. கலியமூர்த்தி அண்ணன் கடையில."

"அவன் கடைக்கு நான் போக மாட்டேன்," என்றார் பஷீர்.

காரணம் ஊருக்கே தெரியும். நர்சரி ஆரம்பித்த புதிதில் கலியமூர்த்தி கேட்டுவிட்டார்: "ஷார்ஜாவுல மரமெல்லாம் இருக்குதா பாய்?" அன்றிலிருந்து பஷீர் அந்தக் கடைப் பக்கம் திரும்புவதில்லை. பக்கத்து டீக்கடைக்குப் போனாலும் முகத்தை எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டுதான் டீ குடிப்பார்.

"நீங்க கடைக்குள்ள போக வேணாம். வண்டிய ஓட்டுங்க, அவ போவா," என்றாள் ரம்ஜான் பீவி. "போங்க. நான் ஆள் கூட்டிட்டு வர்றேன்."

அப்பாவும் மகளும் டி.வி.எஸ். வண்டியில் கிளம்பினார்கள். பஷீர் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டதை முபீனா பார்க்கவில்லை. நீங்களும் நானும்தான் பார்த்தோம்.

"வாம்மா. எந்தக் கலர்ல வேணும்?" என்றார் உரக்கடை கலியமூர்த்தி.

"கலர் வேணாம் அண்ணே. மாங்கோசெப். எழுபத்தஞ்சு சதம். ஒரு கிலோ."

கலியமூர்த்தி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். போன தடவ குடுத்தியே மஞ்ச டப்பா, அத்த குடு, இப்படித்தான் கேப்பானுங்க. மருந்து பேரச் சொல்லிக் கேட்ட மொத ஆளு நீதான். பாய் இதுவரைக்கும் இன்னா அடிச்சாரு?"

முபீனா சொன்னாள்.

கலியமூர்த்தி சிரித்தார். நாற்காலி ஆடியது, தராசு ஆடியது, தொங்கிக்கொண்டிருந்த சாக்கு ஊசிகள் ஆடின. முபீனாவின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார்.

"கோச்சுக்காதம்மா. இந்தத் தாலூகாவுல பாதிப் பேரு பண்றது அதுதான். மொத தடவ அடிக்கிறப்போ பூஞ்சாணத்துல நூத்துல ரெண்டு தப்பிக்கும். அந்த ரெண்டும் பெத்துப் பெருகும். அதோட புள்ளைங்களுக்கும் அந்த மருந்து ஏறாது. மறுபடி அதையே அடிச்சா தண்ணிய அடிச்ச மாதிரி. அதனால ஜாதிய மாத்தணும்." அவர் ஒரு சீட்டை எடுத்து எழுதினார். "இன்னிக்கு மாங்கோசெப், லிட்டருக்கு ரெண்டு கிராம். பத்து நாள் கழிச்சு ப்ரோபிகோனசோல், லிட்டருக்கு ஒரு மில்லி. அதுக்கும் பத்து நாள் கழிச்சு காப்பர். மறுபடி மொதல்லேந்து. கார்பென்டாசிம் இந்த மழைக்காலம் பூரா வூட்டுக்குள்ளயே வராத."

"மழையில கழுவிட்டுப் போயிடாதா?"

"இந்த ஒட்டுத் திரவத்தைக் கலந்துக்கோ. காய்ஞ்ச இலையில அடிக்கணும். ஈர இலையைத் தொடவே தொடாத. நோய் உன் கையிலயே ஏறி அடுத்த செடிக்கு வந்துடும்." பொட்டலத்தைக் கட்டிவிட்டுத் தெருவை எட்டிப் பார்த்தார். "பாய் எங்க? வெளிய நிக்கிறாரா? ஒரு டீ குடிக்கச் சொல்லேன். அன்னிக்கு நான் வெளையாட்டாக் கேட்டேம்மா."

பஷீர் வெளியே இல்லை. நாலு கடை தள்ளி எஸ்.டி.டி. பூத்தில் இருந்தார். அங்கே இருந்த ஃபேக்ஸ் இயந்திரம் அவருடைய பாஸ்போர்ட் நகலை இழுத்து விழுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மெதுவாக, கிர்ர் என்று. அந்தப் பக்கம் ஷார்ஜாவில் அவருடைய முகம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அங்கே அவரை யாரும் மூன்று டப்பாக் கதை கேட்க மாட்டார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது தோட்டத்தில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். மழை மாதங்களில் பாத்தியெல்லாம் வெள்ளக்காடு, உப்பு இல்லை, வேலை இல்லை. அவர்களுக்குத் தலைவி சின்னப்பாப்பா. வெயிலில் நின்று நின்று அவள் நிழலே கொஞ்சம் வெளுத்திருக்கும்.

பன்னிரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"இன்னா பாயம்மா இது?" என்றாள் சின்னப்பாப்பா. "எட்டு மணிக்கு இட்டாந்துட்டு இன்னும் தொடாத தொடாதன்ற. எங்களுக்குத் தண்ணி நின்னாத்தான் வேலை. உன் வூட்ல ஈரம் இருந்தா வேலை இல்லியா?"

"இலை காயட்டும். அது வரைக்கும் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைங்க. ஒரு சாண் இடைவெளி. இலைய தொடாம, அடியைப் புடிச்சுத் தூக்கணும்."

"எம் மருமவள கூட நான் இவ்ளோ பதமா புடிச்சதில்ல!"

தொட்டிகள் நகர்ந்தன. கூட்டமாக நின்ற செடிகளுக்கு நடுவே முதல் தடவையாகக் காற்று போனது. பத்து மணிக்குக் கடல் பக்கமிருந்து சுள்ளென்று ஒரு வெயில் அடித்தது. ரம்ஜான் பீவி இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"ஆரம்பிங்க."

ஒரு புள்ளி இருந்தாலும் அந்த இலை சாக்குக்குள் போக வேண்டும். கீழே உதிர்ந்ததும் சாக்குக்குள். பாதிக்கு மேல் கருகிய செடியா, தொட்டியோடு வெளியே. ஒவ்வொரு செடி முடிந்ததும் கத்தரிக்கோலை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். உப்பு வாரிக் காய்த்துப்போன அந்தக் கைகள் இலை பறித்த வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் மரக்காணமே மொட்டையாகிவிடும் போலிருந்தது.

பஷீர் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பதினொரு மணி வரை பொறுத்தார். வெளியே தூக்கி வைத்த செடிகள் இருநூறைத் தாண்டியதும் எழுந்து வந்தார்.

"ரம்ஜானு, போதும். நல்லதையெல்லாம் முன்வரிசையில வைப்போம். மோசமானது பின்னாடி இருக்கட்டும். புருஷோத்தமன் சேத்துல இறங்கி உள்ள வர மாட்டான். வெள்ளை செருப்பு போட்டிருப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எடுத்துட்டுப் போயிடுவான்."

"எடுத்துட்டுப் போயி நட்டப்புறம் கருகும். கருகினா பஷீர் பாய் செடின்னு சொல்லுவான். அதுக்கப்புறம் உங்க செடிய எவன் வாங்குவான்?" அவள் இலை பறிப்பதை நிறுத்தவில்லை. "உங்களை ஏமாத்தி இங்க நிறுத்துறதுக்கு எனக்கு பாஸ்போர்ட்டே போதுமே. தேக்சாவுலயே விட்டிருப்பேன்."

சின்னப்பாப்பா களுக்கென்று சிரித்தாள். "பாஸ்போட்டு தேக்சாவுலயா? பாய், நல்ல வேளை. அடுப்புல ஏத்தாம வுட்டாங்களே!"

பஷீர் மறுபடி போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபேக்ஸ் ரசீது பையில் தேளைப் போல இருந்தது.

ஒன்றரை மணிக்குக் கணக்கெடுத்தார்கள். வெளியே போனது ஐந்நூற்று நாற்பது. நின்றது ஆயிரத்து இருநூற்று அறுபது. ஆர்டர் ஆயிரத்து ஐந்நூறு. இருநூற்று நாற்பது குறைவு.

முபீனா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "மொதல்ல மருந்து," என்றாள்.

பெண்கள் சாப்பாட்டுக்கு ஒதுங்கினார்கள். முபீனா மருந்தை நிறுத்துக் கரைத்தாள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ரம்ஜான் பீவி பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் ஏற்றினாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் டேங்க் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்த இடத்துக்கே திரும்பியது. சமாளித்து நின்று பிஸ்டனை அடித்தாள். புகையாகக் கிளம்பிய மருந்து காற்றில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

"நிறுத்து! நிறுத்துன்றேன்!"

பஷீர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தார். "காத்துக்கு எதிரா நின்னுக்கிட்டா அடிப்பாங்க? கழட்டு அத. போயி மூஞ்சிய சோப்பு போட்டுக் கழுவு."

டேங்க் அவர் முதுகுக்கு மாறியது. காற்று எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். அப்புறம் தெரிந்தது ஷார்ஜா ஃபோர்மேன் யார் என்று. அளந்து வைத்த நடை. குழாயைத் தாழ்த்தி, மேல் பார்க்கத் திருப்பி, முதலில் இலையின் அடிப்பக்கம். பிறகு மேல்பக்கம். சொட்டு ஒழுகாத அளவுக்குப் பனி போல ஓர் ஈரம். ஒரு செடியும் விடுபடவில்லை, ஒரு செடியும் இரண்டு தடவை நனையவில்லை. பின்னால் நடந்தே இருநூறு அடி போனார், ஒரு தொட்டியில் கால் படவில்லை. சின்னப்பாப்பா சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய் நல்லாத்தான அடிக்கிறாரு," என்றாள். "மருந்துதான் தப்பாப் போச்சு."

பஷீருக்குக் காதில் விழுந்தது. விழாதது போல அடுத்த வரிசைக்குத் திரும்பினார். ஆனால் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது, டேங்க்கோடு சேர்த்து.

புருஷோத்தமன் நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளைச் செருப்பைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி நேராகக் கடைசி வரிசைக்குப் போனார்.

"இன்னா பாய் இது? கோழிய உரிச்சு நிக்க வச்ச மாதிரி இருக்குது!"

பஷீர் வாயைத் திறக்கும் முன் ரம்ஜான் பீவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் ஓட்டல்காரரோடு பேசியதில்லை.

"சார், செடிக்குக் கருகல் வந்துடுச்சு. தப்பான மருந்தை மூணு தடவ அடிச்சுட்டோம். ஐந்நூத்தி நாப்பது செடிய எடுத்துத் தனியா வச்சிருக்குது, குழி வெட்டிப் பொதைக்கப் போறோம். இருக்கிறதுல நோய் இலைய கிள்ளிட்டு இன்னிக்குத்தான் சரியான மருந்து அடிச்சிருக்குது. இன்னிக்கு இத எடுத்துட்டுப் போகாதீங்க. நீங்க கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன்."

புருஷோத்தமன் பஷீரைப் பார்த்தார். "பாய், வியாபாரம் பேசுறது யாரு?"

"இன்னிக்கு அவதான் சார்," என்றார் பஷீர்.

"சரி. ஆயிரத்து ஐந்நூறு வேணுமே. இங்க அவ்ளோ இருக்குதா?"

"ஆயிரத்து இருநூத்தி அறுபது," என்றாள் முபீனா. "சார், உங்க வேலி எத்தனை அடி?"

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தஞ்சு."

"ஒண்ணேகால் அடிக்கு ஒரு செடின்னு போட்டிருக்கீங்க. இந்தத் தொட்டிங்க இப்படி ஒட்டி ஒட்டி நின்னதுலதான் நோய் இங்க பரவுச்சு. கடல் காத்து, ஈரம், அங்கயும் அதேதான் நடக்கும். ஒன்றரை அடிக்கு ஒண்ணா நடுங்க. காத்து போகும். அப்ப ஆயிரத்து இருநூத்தி அம்பது போதும்."

புருஷோத்தமன் கைவிரலில் கணக்குப் போட்டார். விரல் போதாமல் பஷீரின் விரலையும் கடன் வாங்கியிருப்பார் போல, அவ்வளவு நேரம் ஆனது.

"பத்து மிச்சம்," என்றார் கடைசியில்.

"அது உங்க வாசல்ல வச்சுக்கோங்க," என்றாள் ரம்ஜான் பீவி.

அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் ஆள் கறாராகிவிட்டார். "நான் நாலு நர்சரி பாத்துட்டு வர்றேன்மா. எல்லா இடத்துலயும் இதே நோய்தான். எல்லாரும் முன்வரிசைய மட்டும் காட்டுனாங்க. அதனாலதான் நான் பின்னாடிலேந்து ஆரம்பிச்சேன்." பஷீர் சட்டென்று சேற்றைப் பார்த்தார். "பத்து நாள் தர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயிறு வர்றேன். கிள்ளின இடத்துல புதுத் துளிர் வந்திருக்கணும். துளிர்ல ஒரு புள்ளி இருக்கக் கூடாது. ஒண்ணு இருந்தாலும் ஆர்டர் வேற ஆளுக்கு. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் ரம்ஜான் பீவி.

பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கருகல் செடிகள் குழிக்குள் போயின. வானம் மேற்கில் கொஞ்சம் சிவந்து, கிழக்கில் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. வடக்குப் பாத்தியில் முப்பது தொட்டிகள் மட்டும் இன்னும் ஒட்டியே நின்றன.

பஷீர் டேங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த டேங்கையே பார்த்தபடி சொன்னார்:

"காலையில ஃபேக்ஸ் அனுப்பிட்டேன்."

முபீனாவின் கை நின்றது. "அத்தா! நான் கடையில இருக்கறப்பவா?"

"ஆமா."

ரம்ஜான் பீவி கேட்டது ஒன்றுதான். "விசா வர எத்தனை நாளாகும்?"

"பத்து நாள். பதினஞ்சு நாள். ஆளைப் பொறுத்து." அவர் திரும்பினார். "இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லிடறேன் ரம்ஜானு. நீ இன்னிக்குப் பண்ணதப் பாத்தப்புறம்..."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"எனக்காகச் சொல்லாதீங்க. இன்னிக்கு எனக்காக நின்னுடுவீங்க. அடுத்த மழைக்கு ஒரு இலை கருகினா, அன்னிக்கே போயிருப்பேன், நீதான் நிறுத்துனேன்னு சொல்லுவீங்க. அத என்னால கேக்க முடியாது." அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "விசாவும் வரட்டும். துளிரும் வரட்டும். ரெண்டையும் கையில வச்சுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. அது வரைக்கும் இங்க நாந்தான் ஃபோர்மேன். அந்த முப்பது தொட்டியும் இருட்டறதுக்குள்ள தள்ளி வைக்கணும். வர்றீங்களா?"

இருபத்துநாலு வருஷம் நாற்பது பேருக்கு உத்தரவு போட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.

பதினேழாவது தொட்டி அவர் கையில் இருந்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது.

இந்த நேரத்துக்கு அந்த வீட்டுக்குப் போன் பண்ணுகிறவர்கள் உள்ளூரில் யாரும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

"போய் எடுங்க," என்றாள் ரம்ஜான் பீவி. "கைய கழுவிட்டு எடுங்க."

பஷீர் தொட்டியை இறக்கினார். பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு சாண் இருக்கிறதா என்று கையை விரித்து அளந்தார். விரலளவு குறைந்தது. மறுபடி தூக்கி, சரியாகத் தள்ளி வைத்தார்.

பிறகு குழாயடிக்கு நடந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.